சின்ன பில் மேலே, பெரிய பில் கீழே

சிக்கனத்தைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றால், நாட்டின் நிலைமை நான் நினைத்ததைவிட மோசம்.

டிசம்பர் முதல் கிழமை பிரதீபன் கோல் எடுத்தான். கொழும்பு புதுக்கடையில் நான் ஆயுள் முழுக்கக் கதிரை தேய்த்த திணைக்களத்தில், கணக்குப் பிரிவில் எனக்குக் கீழே இருந்த பெடியன். இப்போது அந்தக் கதிரையை அவன் தேய்க்கிறான். பெடியன் என்கிறேன், தலை பாதி நரைத்துவிட்டது.

"சேர், புதுசா வந்த ஒஃபிஸர்மாருக்கு ஒரு ட்ரெயினிங் வைக்கிறம். நீங்கள் ஒரு மணித்தியாலம் கதைக்கோணும். தலைப்பு, 'நாடும் ஒரு வீடுதான்'. வரவுக்குள்ள செலவழிக்கிறதைப் பற்றி."

"என்ன தம்பி, திடீரெண்டு?"

கொஞ்சம் இருமினான். "ட்ரெயினிங் வோட்டில காசு மிஞ்சிக் கிடக்கு சேர். முப்பத்தோராம் திகதிக்கு முதல் முடிக்காட்டித் திறைசேரிக்குத் திரும்பிப் போயிடும்."

மிஞ்சிய காசைச் செலவழித்துத் தீர்ப்பதற்காகச் சிக்கனம் பற்றி ஒரு பேச்சு. எனக்குக் கண் கலங்கியது. நான் விட்டுவிட்டு வந்தபடியே இருக்கிறது திணைக்களம்.

உடனே ஓம் என்றேன். குசினிக்குள் இருந்து என் மனைவி புஷ்பராணியின் சிரிப்புக் கேட்டது. எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் குசினிக்கும் ஹோலுக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டிதான். தொலைபேசியில் இரகசியம் பேச வேண்டுமென்றால் வத்தளைக்குத்தான் போகவேண்டும்.

"என்ன கதைக்கப் போறீங்கள்? ரெஜினாவை வெளிநாட்டுக்கு அனுப்பின சிக்கனத்தையோ?"

அன்று காலையில்தான் எங்கள் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் ரெஜினா, மாதக் கடைசியில் அறையைக் காலி செய்வதாக வந்து சொல்லியிருந்தா. அதற்குக் காரணம் நான். எப்படி என்று சொல்வதற்கு முதல், நான் எப்படி இவ்வளவு விஷயம் தெரிந்த முட்டாளாக ஆனேன் என்று சொல்லவேண்டும்.

அரசாங்க எழுதுவினைஞனாகச் சேர்ந்து முதல் சில வருஷங்களில் நான் கற்றவை மூன்று: நிதிப் பிரமாணத்தின் இலக்கங்களை மந்திரம்போலச் சொல்வது, பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிஷத்துக்கு முன் பசிப்பது, 'மேலதிகாரியின் கவனத்துக்கு' என்று எழுதி எந்தப் பிரச்சினையையும் பக்கத்து மேசைக்குத் தள்ளுவது. மற்றதெல்லாம் டிசம்பர் மாதங்கள் சொல்லித் தந்தவை.

டிசம்பர் எங்களுக்குத் தேர்த் திருவிழா. ஒவ்வொரு செலவுக்கும் பாராளுமன்றம் தனித்தனியாகக் காசு ஒதுக்கும். அதுதான் வோட். தளபாட வோட்டைத் தளபாடத்துக்குத்தான் செலவழிக்கலாம். வருஷம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் காசு போய்விடும். அதோடு போனாலும் பரவாயில்லை, 'உங்களுக்குத் தேவையில்லைத்தானே' என்று அடுத்த வருஷம் ஒதுக்குவதையும் வெட்டிவிடுவார்கள். ஆகவே மிச்சம் பிடித்தவனுக்குத் தண்டனை, முடித்தவனுக்குப் பரிசு. ஒரு டிசம்பரில் உபகரண வோட்டில் மிஞ்சியதற்குச் சுவர் மணிக்கூடு வாங்கினோம். யோசனை என்னுடையது. வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, மணிக்கூடுகள் இருக்கிற அளவுக்கு எங்களிடம் சுவர் இல்லை. ஒரே சுவரில் மூன்று தொங்கின. மூன்றும் மூன்று நேரம் காட்டின. பிந்தி வந்தவர்கள் தங்களுக்குத் தோதான மணிக்கூட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வருஷம் பிந்தி வந்தவர் என்று ஒருவருமே இல்லை.

அதற்கு அடுத்த வருஷம்தான் மல்லிகா மெடம் கணக்காளராக மாற்றலாகி வந்தா.

ஒல்லியான மனுஷி. வெள்ளைச் சேலை, செருப்புச் சத்தமே கேட்காது. ஏசமாட்டா. ஒரு வவுச்சரைக் கொண்டுபோய் வைத்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல் மெதுவாக வாசித்து, பிறகு தலையை நிமிர்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்பா.

"சல்லி கொஹாட்டத?"

சிங்களத்தில், காசு எங்கே போகிறது என்று அர்த்தம். மற்றக் கணக்காளர்கள் எல்லாரும் காசு எங்கிருந்து வருகிறது, எந்த வோட், எந்தத் தலைப்பு என்று கேட்பார்கள். மெடத்துக்கு அது போதாது. "தளபாடக் கம்பெனிக்குப் போகுது மெடம்" என்றால், "அங்கேயிருந்து?" என்பா. எனக்குத் தெரியாது என்றால், "தெரியாதுதானே" என்று சிரித்துக்கொண்டு பைலைத் திருப்பித் தருவா. அந்தச் சிரிப்பைவிட ஒரு அறை வாங்கியிருக்கலாம்.

அவ வந்த வருஷம் திறைசேரி கையை விரித்துவிட்டது. வோட் கடதாசியில் இருந்தது, காசு இல்லை. டிசம்பரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுத் தட்டாக வந்தது. மேசையில் பில்கள் மலை. வருகிற காசுக்கு மேலிருந்து கீழாகக் கொடுத்துக்கொண்டு போவோம். காசு முடிகிற இடத்தில் கோடு. கோட்டுக்குக் கீழே கிடப்பவர்கள் அடுத்த வருஷம், அல்லது அதற்கடுத்த வருஷம். ஆகவே அடுக்குகிறவன்தான் கடவுள். அடுக்கியது நான். வழக்கப்படி பெரிய பில்லை மேலே வைத்தேன். காரணம் பொருளாதாரம் அல்ல. பெரிய பில்காரருக்குத்தான் தொலைபேசி இருந்தது, பணிப்பாளரின் இலக்கமும் இருந்தது.

மெடம் அந்த அடுக்கை எடுத்தா. சீட்டுக்கட்டைப்போல அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தா. சின்ன பில் மேலே வந்தது, பெரிய பில் கீழே போனது. ஆக மேலே வந்தது, எங்கள் கழிவறைக் குழாய்களைத் திருத்திய தொழிலாளி நிமல் பாஸின் பில். ஆகக் கீழே, கட்டடத்துக்குப் பெயின்ற் அடித்த கம்பெனியின் பில். பெயின்ற் கம்பெனிக்குக் கொடுக்கிற காசில் நிமல் பாஸ் தன் ஆயுசுக்கும் குழாய் திருத்தலாம்.

அன்று பின்னேரமே பணிப்பாளர் கூப்பிட்டார். அடுக்கைக் காவிக்கொண்டு நானும் போனேன்.

"மெடம், பெயின்ற்காரன் மேலிடத்தில எல்லாம் கதைச்சுப்போட்டான். அவன்ர பில்லை ஏன் கீழே தள்ளினீங்கள்?"

"சேர், அவருக்கு நாங்கள் பிந்தினால் அவர் எங்கே போவார்?"

"பேங்குக்குப் போவார். ஓவர்ட்ராஃப்ட் எடுப்பார்."

"நிமல் பாஸ்?"

பணிப்பாளர் யோசித்தார்.

"வட்டிக்காரனிட்டப் போவார் சேர். போனால் திரும்பி எங்கட டொயிலட்டுக்கு வரமாட்டார்."

அந்தக் கிழமைதான் பணிப்பாளரின் பிரத்தியேகக் கழிவறை அடைத்து, அவர் எழுதுவினைஞர்களோடு வரிசையில் நின்றவர். நிமல் பாஸ் வந்துதான் அவருடைய தனிமையை மீட்டுக் கொடுத்தார். பணிப்பாளர் பேனாவை எடுத்தார், கையெழுத்துப் போட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் இது அரசாங்கம். பெயின்ற் கம்பெனி தாமதக் கட்டணம் போட்டு இன்னொரு பில் அனுப்பியது. ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருந்தது. வட்டியை ஏன் அரசாங்கத்தின் தலையில் கட்டினீர்கள் என்று கணக்காய்வு மெடத்திடம் விளக்கம் கேட்டது. கேள்வியும் நியாயம்தான். வட்டியும் பொதுமக்கள் காசுதானே. பதிலை நான் வரைந்தேன். 'தவிர்க்க முடியாத காரணங்களினால்' என்று வழமையான பல்லவியோடு தொடங்கினேன். மெடம் அதை வெட்டிவிட்டு, 'தவிர்த்திருக்கலாம், நான் தவிர்க்கவில்லை' என்று எழுதச் சொன்னா. அந்தப் பதிலுக்குப் பரிசாக அவவுடைய பதவி உயர்வு நல்ல காலம் தள்ளிப்போனது. அவ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான்தான் அடுத்த அறைகளுக்கெல்லாம் போய் அவவுக்காகப் புலம்பி, போன இடமெல்லாம் தேத்தண்ணி குடித்தேன்.

பிறகு மெடம் ஓய்வுபெற்றா. நானும் ஓய்வுபெற்றேன். கூரை ஒழுகியது என்று வங்கிக்குக் கடன் கேட்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை மிகவும் பணிவாக, "அங்கிள், உங்களுக்கு வயசு போயிட்டுது. நீங்கள் கட்டி முடிக்கிறதுக்குள்ள..." என்று சொல்லி மிச்சத்தை விழுங்கினா. திரும்பி வரும் வழியில் யோசித்தேன். அரசாங்கத்துக்கு என்னைவிட வயது கூட. வருமானம் போதாது. முன்பு வாங்கிய கடனைத் தரமுடியாது என்று உலகத்துக்கே அறிவித்தும் விட்டது. ஆனால் அதற்குக் கொடுக்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: அரசாங்கம் ஓய்வுபெறாது, சாகாது. பழைய கடனைப் புதுக் கடனால் கட்டிக்கொண்டு இருந்துகொண்டே இருக்கும். எனக்கு அந்த வசதி இல்லை என்பதை என் இருதய டொக்டர் அடிக்கடி ஞாபகப்படுத்துவார்.

இவ்வளவு தெளிவாக யோசித்தவன் அதே இரவு தொலைக்காட்சியில் கோட் போட்ட ஒருவர், "நாடும் ஒரு வீடுதான், வயிற்றைக் கட்டவேண்டும்" என்று சொல்ல, மயங்கிவிட்டேன். நாட்டை என்னால் திருத்த ஏலாது, வீட்டையாவது திருத்துவோம் என்று ஒரு சுற்றுநிருபம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

முதல் வெட்டு, வெளிச் சாப்பாடு. காலையில் இடியப்பம், மத்தியானம் சோற்றுப் பார்சல், இரண்டும் மேல்மாடியிலிருந்து வந்துகொண்டிருந்தன. ரெஜினா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவ. புருஷன் இல்லை. மகளை அங்கே தாயுடன் விட்டுவிட்டு, எங்கள் மேலறையில் சமைத்துப் பார்சல் கட்டி விற்றுப் பிழைத்தவ. புஷ்பராணிக்கு முழங்கால் வருத்தம். ஆனாலும் சுற்றுநிருபம் சுற்றுநிருபம்தான். "அப்ப ஆர் சமைக்கிறது?" என்று கேட்டா. 'மேலதிகாரியின் கவனத்துக்கு' என்றேன். அன்று நான்தான் சமைத்தேன். அதைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.

இரண்டாவது வெட்டுத்தான் பெரிய வெட்டு. எங்கள் பகுதி ஓய்வூதியர் சங்கத்துக்கு நான் பொருளாளர். சனிக்கிழமைக் கூட்டங்களுக்கு மத்தியானச் சாப்பாடு ரெஜினாவிடம்தான். அதை நிறுத்தி, பிளேன்டீயும் கிறீம் கிறக்கர் பிஸ்கற்றும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். சங்கத்தார் என் ஃப்ரிட்ஜ் சுற்றுநிருபத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் வீடுகளிலும் ஒட்டினார்கள். ஒழுங்கை முழுக்கச் சிக்கனம் பரவியது. வாழ்க்கையில் முதன்முறையாக நான் எழுதிய ஒன்றை ஆட்கள் வாசித்தார்கள்.

முதல் மாதம் கணக்குப் பார்த்தேன், மிச்சம். இரண்டாம் மாதம் ரெஜினா பாதி வாடகைதான் தந்தா. மூன்றாம் மாதம் அதுவும் இல்லை. சங்கக் கூட்டத்துக்கு என்னோடு சேர்த்து நான்கு பேர். "கிறீம் கிறக்கருக்கு எவன் ஐசே பஸ் ஏறி வருவான்?" என்றார் தலைவர். ஆள் வராததால் சந்தாவும் வரவில்லை.

அப்படியிருக்கத்தான் அன்று காலை ரெஜினா கீழே இறங்கி வந்தா.

"ஐயா, வாடகை தர முடியலைங்க. இந்த மாசக் கடைசியில சாமான எடுத்துக்கிறேன்."

"எங்க போறீங்கள்?"

"குவைத்துக்கு ஏஜென்சியில பேர் குடுத்திருக்கேங்க. பாஸ்போட் வந்திருச்சு. வீட்டு வேலைதான். ரெண்டு வருசம்."

"மகள்?"

"அம்மாகிட்டதான் இருப்பா." சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றா. "ஒங்க மேல கோவம் இல்லைங்க ஐயா. வெலவாசி அப்படி. எல்லாருந்தான் சுருக்கிக்கிறாங்க."

அவ மேலே போனபிறகு புஷ்பராணி எனக்கு முன்னால் வந்து இருந்தா.

"உங்கட பிறஷர் குளிசை ஆர் வாங்கிறது?"

"நீர்தான்."

"எந்தக் காசில?"

எனக்குத் தெரியாது.

"மேல்மாடி வாடகையில. கரண்ட் பில்லும் அதிலதான். ரெண்டு மாசமா என்ர காப்பை அடகு வைச்சுக் கட்டுறன்." எழும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டா. "சல்லி கொஹாட்டத எண்டு உங்கட மெடம் கேக்கிறதை வருஷக்கணக்கா எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்களே. ஒருநாளாவது வீட்டில கேட்டுப் பாத்தீங்களோ?"

என் ஓய்வூதியம் ஒவ்வொரு மாதமும் மேல்மாடி ஏறி, இடியப்பமாகி, வாடகையாகி, கீழே இறங்கி, குளிசையாகி என் வாய்க்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது. நான் படிக்கட்டை மறித்துவிட்டு, மிச்சம் பிடித்தேன் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

பிரதீபனின் கோல் வந்தது இதற்குப் பிறகுதான். ஓம் என்று சொல்லிவிட்டு, புஷ்பராணியின் சிரிப்பு அடங்கியபின் திரும்பவும் அவனுக்கு எடுத்தேன்.

"தம்பி, ட்ரெயினிங்குக்கு மத்தியானச் சாப்பாடு ஆர்?"

"மூண்டு விலைமனு எடுக்கோணும் சேர். ரெண்டு ஹோட்டல் தந்திட்டுது."

"மூண்டாவதா ரெஜினா எண்டு ஒரு ஆளிட்டக் கேளும்."

"உங்களுக்கு அவ என்ன வேணும் சேர்?"

"வாடகை தரவேணும். அதையும் பைலில எழுதும். விலை கூடினா எடுக்காதையும்."

எழுதினான். மல்லிகா மெடம் பயிற்றியவனிடம் பயின்றவன். ஹோட்டல்காரர் சேவைக் கட்டணம், போக்குவரத்து, மேசை விரிப்பு என்று போட்டிருந்தார்கள். ரெஜினாவுக்கு மேசை விரிப்பு என்றால் வாழையிலைதான். விலை ஆகக் குறைவு. கிடைத்தது.

பேச்சு நாளன்று மண்டபத்துக்குள் போனால் என் மூன்று மணிக்கூடுகளும் இன்னும் அதே சுவரில் தொங்கின. மூன்றும் நின்றுவிட்டன. நின்ற நேரத்திலும் ஒற்றுமை இல்லை.

"நாட்டை வீடு மாதிரி நடத்தச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டவை. நான் வீட்டை நாடு மாதிரி நடத்தினவன்" என்று தொடங்கி, மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை சிரிக்காமல் கையை உயர்த்தினா.

"அப்ப கடன்பட்டாவது செலவழிக்கிறது சரி எண்டு சொல்றீங்களா சேர்?"

"சரி எண்டு சொன்னா நீங்கள் மணிக்கூடு வாங்குவீங்கள். பிழை எண்டு சொன்னா சாப்பாட்டை நிப்பாட்டுவீங்கள். நான் ரெண்டும் செய்தனான், மகள். எது எங்க போகுது எண்டு பாத்துச் செய்யுங்கோ. அதுக்குமேல எனக்குத் தெரியாது."

பிறகு பார்சல் வந்தது. பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் பொரியல், பப்படம். சிக்கனத்தைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

ஆனால் அரசாங்கத்துக்குச் சோறு கொடுப்பது லேசு, காசு வாங்குவதுதான் கஷ்டம். கிழமைகள் போயின. ரெஜினா கடனுக்கு வாங்கிய அரிசிக்கும் மீனுக்கும் கடைக்காரர் கேட்கத் தொடங்கிவிட்டார். ஏஜென்சியும் திகதி கேட்டது. முப்பதாம் திகதி காலை பிரதீபனிடம் போய் நின்றேன். மேசையில் பில் மலை. அவன் முகத்தைப் பார்க்கவே தெரிந்தது.

"வோட் கடதாசியிலதான் இருக்கு சேர், காசு கொஞ்சம்தான் வந்திருக்கு. ஜெனரேற்றர் கம்பெனி தன்ர பெரிய பில்லுக்குக் காலமை துடக்கம் கோல் அடிக்குது. மேலிடத்தாலயும் சொல்லியிருக்கு."

ரெஜினாவின் பில்லை மேலே வை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு கேள்விக் கடிதத்தால் மெடத்துக்கு என்ன நடந்தது என்று அவனுக்கும் தெரியும். அவனுக்கு இன்னும் பதினைந்து வருஷ சேவை இருக்கிறது, எனக்கு இருப்பது ஒரு பிறஷர் குளிசைப் பெட்டி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்கவேண்டி இருந்தது, அவ்வளவுதான்.

அவன் என்னைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். இரண்டு கையாலும் அடுக்கைப் பிடித்துக் கவிழ்த்தான்.

"கணக்காய்வு கேட்டா நீங்கள்தான் பதில் வரையோணும் சேர்."

"தவிர்த்திருக்கலாம், நான் தவிர்க்கவில்லை" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் காசு ரெஜினாவின் வங்கிக் கணக்குக்கு வந்தது. கடைக்காரருக்குப் போனது போக, நிலுவை வாடகையில் இரண்டு மாதத்துக்குரியதைக் கொண்டுவந்து புஷ்பராணியின் கையில் வைத்தா. புஷ்பராணி எண்ணவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டு அடகுகடைக்கு வெளிக்கிட்டா.

ஃப்ரிட்ஜில் இருந்த சுற்றுநிருபத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுக்கொண்டே கேட்டேன், "அப்ப குவைத் இல்லைத்தானே ரெஜினா?"

அவ என்னை மேலும் கீழுமாகப் பார்த்தா. கடன் கேட்டுப் போன நாட்டை வெளிநாட்டு நிபுணர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

"பாஸ்போட்டு பத்து வருசத்துக்கு இருக்குங்க ஐயா. சனிக்கெழம சங்கத்துக்கு எத்தன பார்சல்னு மொதல்ல சொல்லுங்க. ரெண்டு, மூனு மாசம் பாத்துட்டு முடிவு சொல்றேன்."